லினக்ஸ் கணினியில் மின்னஞ்சல் தங்குமிடம்: தமிழ் ஆய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு விளக்கம்

முன்னுரை

தமிழாய்வின் வரலாற்றில் ஒரு பகுதி கடிதங்களில் உறைந்து கிடக்கிறது. உ.வே. சாமிநாதையர் அவர்கட்கு அறிஞர் பலர் எழுதிய கடிதங்கள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூல்நிலையத்தில் பேணப்பட்டு வருகின்றன. ஒரு சுவடி எவ்வூரிலிருந்து எவர்வழி வந்தது, ஓர் ஐயம் எங்ஙனம் தீர்ந்தது என்பன போன்ற செய்திகளைப் பதிப்புரைகள் சுருங்கக் கூறும், கடிதங்களே விரித்துரைக்கும். நம் நாட்டிற்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு 1961 முதல் தலைமையேற்றிருந்த தனிநாயக அடிகளார், 1964 இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கும், 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கும் முன்னின்றவர். பல நாட்டு அறிஞரை ஓரிடத்தில் கூட்டுவதற்கு அக்காலத்தில் எத்துணைக் கடிதங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அவையாவும் தாளில் எழுதி, உறையிலிட்டு, அஞ்சல்தலை ஒட்டி அனுப்பப்பட்டவை. உறை கிழிந்தாலும் கடிதம் பெட்டியில் இருக்கும்.

1990களின் இடையிலிருந்து அவ்விடத்தை மின்னஞ்சல் பிடித்துக்கொண்டது. தமிழில் இம்மாற்றம் நிகழ்ந்ததில் மலேசியத் தமிழரின் பங்கு சிறியதன்று. மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பாலா பிள்ளை 1995 இல் தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவும், கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளும் உலகின் பல மூலைகளிலிருந்த தமிழரைத் தமிழெழுத்திலேயே மடலாடச் செய்தன. 1998 ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இம்மடலாடலின் பயனாக எழுந்ததே. நூல்களைத் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர், தொகுத்தவர் ஆகியோர் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு மின்னஞ்சல் வழியாகவே அப்பணியை நடத்தினர். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றபோது, அதற்கான உரையாடலின் பெரும்பகுதி மின்மடலாகவே நிகழ்ந்தது எனலாம்.

அம்மடல்கள் இன்று எங்குள்ளன? பிரிக்பீல்ட்ஸில் தமிழாசிரியர் சிலருடன் உரையாடியபோது இவ்வினாவை எழுப்பினோம். ‘கணினியில் இருக்கின்றன’ என்றே பலரும் விடையிறுத்தனர். கணினியில் எவ்விடத்தில் என்று வினவியபோது ஒருவரிடமும் விடையில்லை. இக்குறை அவர்களுடையதன்று, மென்பொருள்கள் அவ்விடத்தைக் கண்ணில் படாமல் வைப்பதே வழக்கம். லினக்ஸ் இயங்குதளத்தில் மேசைக்கணினி மின்னஞ்சல் மென்பொருள்கள் இறக்கிய மடல்களை எங்குச் சேமிக்கின்றன, அவ்விடத்தை நாமே எவ்வாறு தேர்வு செய்துகொள்வது என்பதனை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிள்ளானில் நிகழ்ந்த இழப்பு

நாம் அறிந்த தமிழாசிரியர் ஒருவர் கிள்ளானில் வாழ்கிறார். பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவிப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார். தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றைத் தொகுப்பது அவர் ஈடுபாடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருடன் எட்டாண்டுகள் மடலாடி, மூடப்பட்ட பள்ளிகள், இடம் மாறிய பள்ளிகள், அவற்றில் பணியாற்றிய ஆசிரியர்கள் பற்றிய செய்திகளைத் திரட்டியிருந்தார். அவற்றுள் பெரும்பாலானவை வேறெங்கும் எழுதப்படாதவை.

கணினி தளர்ந்தபோது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ முடிவு செய்தார். முன்னெச்சரிக்கையுடன் தம் ஆவணங்கள், படங்கள், பாடக்குறிப்புகள் அனைத்தையும் வெளிவன்தட்டில் படியெடுத்தார். பின்னர் நிறுவியைத் தொடக்கி, வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தெரிவை ஏற்றார். பணி முடிந்து தண்டர்பேர்ட் மென்பொருளைத் திறந்தபோது, அது புதிய பயனரை வரவேற்பது போல் அவரிடம் மின்னஞ்சல் முகவரி கேட்டது. எட்டாண்டு மடல்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை.

அவர் செய்த பிழை யாது? கண்ணுக்குப் புலப்பட்ட கோப்புறைகள் அனைத்தையும் அவர் படியெடுத்திருந்தார். மடல்கள் இருந்த கோப்புறையோ புலப்படாதது. லினக்ஸில் புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளும் கோப்புறைகளும் மறைவானவை எனக் கொள்ளப்படும். கோப்பு மேலாளியில் அனைத்தையும் தெரிவு செய்தாலும், மறைகோப்புகளைக் காட்டும்படி கேட்டாலன்றி, அவை அத்தெரிவில் அடங்கா. மடல்கள் வழங்கியிலேனும் இருந்திருக்கலாமே எனின், அதற்கும் வழியில்லை. அவர் பயன்படுத்தியது பாப் முறை.

பாப் முறையும் ஐமாப் முறையும்

மின்னஞ்சலை வழங்கியிலிருந்து பெறுதற்கு இருவகை நெறிமுறைகள் உள. பாப் என்பது அஞ்சலகத்திற்குச் சென்று கடிதத்தை வாங்கி வீட்டிற்குக் கொணர்வதை ஒத்தது. கொணர்ந்தபின் அஞ்சலகத்தில் அக்கடிதம் இராது. வழங்கியிலும் ஒரு படியை விட்டுவைக்குமாறு மென்பொருளைப் பணிக்க இயலும். எனினும் அவ்வாறு பணித்தவர் சிலரே. பெட்டியின் கொள்ளளவு சில மெகாபைட்டுகளாக இருந்த காலத்தில் வழங்கியைக் காலியாக வைப்பதே முறையெனக் கருதப்பட்டது. ஐமாப் என்பது 1986 இல் மார்க் கிறிஸ்பின் வடிவமைத்தது. இம்முறையில் மடல் வழங்கியிலேயே தங்கும். கணினியில் இருப்பது அதன் நிழற்படி.

ஐமாப் முறையில் ஒரு பொய்யான அமைதி உண்டு. கணினி கெட்டாலும் வழங்கியில் மடல் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் வழங்கியில் மடல் அழிந்தால் கணினியிலுள்ள நிழற்படியும் அடுத்த இணைப்பின்போது அழியும். பல்கலைக்கழகமோ கல்வி நிறுவனமோ வழங்கும் மின்னஞ்சல் முகவரி பணி ஓய்வுக்குப் பின் முடக்கப்படலாம். தனியார் கணக்குகளும் நிலையானவையல்ல. ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகிள் நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்து, அவ்வாண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொணர்ந்தது. மறைந்த அறிஞர் ஒருவரின் மடற்பெட்டி இரண்டு ஆண்டுகளில் தானே மறையக்கூடும் என்பது இதன் பொருள்.

தமிழுலகம் அனுபவித்த பேரிழப்பொன்றையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். 2000களில் தமிழ் மடற்குழுக்கள் பல யாகூ குழுமங்களில் இயங்கின. கெடா மாநிலச் சுங்கை பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் ஜெயபாரதி நடத்திய ‘அகத்தியர்’ குழு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. இலக்கியம், கல்வெட்டு, கடாரத்துத் தொல்வரலாறு எனப் பல துறைச் செய்திகள் அங்கு மடல்களாகக் குவிந்தன. யாகூ நிறுவனம் 2019 அக்டோபரில் குழுமங்களின் உள்ளடக்கத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பர் 15 ஆம் நாள் அச்சேவையை முற்றாக மூடியது. அதன்பின், எந்த உறுப்பினரின் கணினியில் மடல்கள் இறக்கிச் சேமிக்கப்பட்டிருந்தனவோ, அவருடைய வன்தட்டே அக்குழுவின் ஏடாயிற்று. வழங்கியை ஆவணக்காப்பகம் எனக் கருதுவது தவறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறைந்துள்ள இடங்கள்

தண்டர்பேர்ட் மென்பொருளின் முதற்பதிப்பு 2004 டிசம்பரில் வெளிவந்தது. லினக்ஸில் அது பயனரின் இல்லக் கோப்புறையுள், புள்ளியில் தொடங்கித் தன் பெயரையே தாங்கிய மறைகோப்புறை ஒன்றை அமைத்துக்கொள்கிறது. அதனுள் பொருளற்ற எட்டு எழுத்தும் எண்ணும் கலந்து தொடங்கும் பெயருடைய வேறொரு கோப்புறை இருக்கும். இதனை ‘புரொஃபைல்’ என்பர்; நாம் பயனர் பேழை எனக் குறிப்போம். பேழையுள் ‘மெயில்’ என்னும் கோப்புறையில் பாப் கணக்குகளின் மடல்களும், கணினியிலேயே வைக்கும் உள்ளகப் பெட்டிகளும் தங்குகின்றன. ‘ஐமாப்மெயில்’ என்னும் கோப்புறையில் ஐமாப் கணக்குகளின் நிழற்படிகள் தங்குகின்றன. முகவரிப் புத்தகமும் அமைப்புகளும் அதே பேழையில் உள. கோப்பு மேலாளியில் கண்ட்ரோல் விசையுடன் ‘எச்’ விசையை அழுத்தினால் மறைகோப்புறைகள் புலப்படும். கிள்ளான் ஆசிரியர் அவ்விரு விசைகளை அறிந்திருப்பின் இக்கட்டுரைக்கே தேவை எழுந்திராது.

அண்மைக்காலத்தில் இவ்விடமும் ஒரு நிலையில் நில்லாது மாறுகிறது. மென்பொருளை ஸ்னாப், ஃபிளாட்பேக் ஆகிய பொதிமுறைகளில் நிறுவும்போது பயனர் பேழை வேறிடத்தில் அமைகிறது. 2024 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 24.04 பதிப்பு தண்டர்பேர்டை ஸ்னாப் பொதியாகவே வழங்குகிறது. அதன் பேழை இல்லக் கோப்புறையிலுள்ள ‘ஸ்னாப்’ என்னும் கோப்புறையின் அடியில், தண்டர்பேர்டின் பெயரிலும் ‘காமன்’ என்னும் பெயரிலும் அமைந்த உட்கோப்புறைகளைக் கடந்து காணப்படும். ஃபிளாட்பேக்காயின் ‘வார்’ என்னும் மறைகோப்புறையில் தேட வேண்டும். ஒரு முறையிலிருந்து மற்றொன்றிற்கு மாறியவர் மென்பொருளைத் திறந்து, மடல்களைக் காணாது திகைப்பதுண்டு. மடல்கள் அழிந்திரா, மென்பொருள் வேறு பேழையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் பதற்றங்கொண்டு பழைய கோப்புறையை அழித்துவிடுதல்தான் உண்மையான அழிவு.

மடல்கள் எவ்வடிவில் உறைகின்றன

இடத்தைத் தேர்வதற்கு முன் வடிவத்தை அறிதல் வேண்டும். எந்த வடிவத்திற்கு எந்த இடம் பொருந்தும் என்பதில் வேறுபாடு உண்டு.

எம்பாக்ஸ் என்பது யூனிக்ஸின் தொடக்க காலம் முதல் வழங்கிவரும் வடிவம். ஒரு பெட்டியிலுள்ள மடல்கள் யாவும் ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். ‘ஃபிரம்’ என்னும் சொல்லும் ஓர் இடைவெளியும் வரியின் தொடக்கத்தில் வந்தால் அங்குப் புதிய மடல் தொடங்குகிறது என்று பொருள். ஏட்டுச்சுவடியில் ஒரு நூல் முடிந்து மறுநூல் அதே கட்டில் தொடர்வதை ஒப்ப இது அமைந்தது எனலாம். தண்டர்பேர்ட் இயல்பாக இவ்வடிவையே கையாளுகிறது. நாம் ஒரு மடலை அழித்தால் அது உடனே கோப்பிலிருந்து நீங்குவதில்லை. அழிக்கப்பட்டது என்னும் குறி மட்டும் இடப்படுகிறது. பெட்டியைச் சுருக்கும் கட்டளை நிறைவேறும்போதே அது உண்மையில் நீங்கும். தவறுதலாக அழித்த மடலை மீட்க விழைவோர் இதனை நினைவிற்கொள்வது நன்று; மென்பொருளை உடனே மூடி, அக்கோப்பைப் படியெடுத்துவிட்டே மறுவேலை பார்க்க வேண்டும்.

மெயில்டிர் என்பது டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் கியூமெயில் வழங்கிக்காக வகுத்தது. இதில் ஒவ்வொரு மடலும் தனிக்கோப்பு. ஒவ்வொரு பெட்டிக்கும் மூன்று உட்கோப்புறைகள் உண்டு: எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் மடலுக்கு ஒன்று, புதிதாக வந்ததற்கு ஒன்று, பார்க்கப்பட்டதற்கு ஒன்று. கோப்பொன்று பழுதுற்றால் ஒரு மடலே கெடும். எம்பாக்ஸில் இடையில் பழுது நேரின் அதனைத் தொடர்ந்த மடல்களும் சிக்கலுக்குள்ளாகலாம். காப்புப் படி எடுப்பதிலும் மெயில்டிர் எளிது. நேற்று வந்த மூன்று மடல்களுக்காக முழுப் பெட்டியையும் மறுபடி படியெடுக்க வேண்டுவதில்லை.

இவற்றுள் சிறந்தது எது? ஆய்வாளரின் நீண்டகாலச் சேமிப்பிற்கு எம்பாக்ஸ் போதுமானது என்பது எம் கருத்து. அது எளிய உரைக்கோப்பு. எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கும். பலவகை மென்பொருள்களும் அதனைப் படிக்கும். எனினும் ஒரு பெட்டி சில கிகாபைட்டுகளுக்கு மேற்படாதவாறு ஆண்டுதோறும் தனிப்பெட்டி அமைத்துக்கொள்ளுதல் நலம்.

இடத்தைத் தேர்தல்

எவ்விடத்தில் வைப்பது என்னும் வினாவிற்கு வருவோம். இயங்குதளம் இருக்கும் தட்டுப் பிரிவிலேயே மடல்களும் இருப்பின், இயங்குதளத்தை மாற்றுந்தோறும் மடல்கள் இடருக்குள்ளாகும். ஆகவே லினக்ஸை நிறுவும்போதே இல்லக் கோப்புறைக்குத் தனித் தட்டுப் பிரிவு ஒதுக்குதல் முதல் வழி. அங்ஙனம் செய்தவர், மறுமுறை நிறுவும்போது அப்பிரிவை அழிக்காமல் இணைத்துக்கொள்ளும்படி நிறுவிக்குச் சொல்லலாம். மடல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். கணினியில் இரண்டாவது வன்தட்டு இருப்பின் அதில் மடல்களுக்கெனத் தனிக்கோப்புறை அமைப்பது இரண்டாம் வழி.

தண்டர்பேர்டில் இரண்டாம் வழியை மேற்கொள்வதற்கு இருநெறிகள் உள. ‘அக்கவுண்ட் செட்டிங்ஸ்’ என்னும் பகுதியில் உரிய கணக்கின் ‘செர்வர் செட்டிங்ஸ்’ பக்கத்தைத் திறந்தால், கீழ்ப்பகுதியில் ‘லோக்கல் டைரக்டரி’ என்னும் கட்டம் தென்படும். இப்போது மடல்கள் தங்கியுள்ள இடம் அதில் எழுதப்பட்டிருக்கும். அருகிலுள்ள ‘பிரவுஸ்’ பொத்தானை அழுத்திப் புதிய இடத்தைச் சுட்டலாம். மென்பொருள் தன்னை மறுபடி தொடக்கும். இவ்விடத்தில் பலர் தடுமாறுகின்றனர். இடத்தைச் சுட்டினால் பழைய மடல்கள் தாமே அங்கு இடம்பெயரும் என எண்ணுகின்றனர். அவை பெயரா. முதலில் மென்பொருளை மூடிவிட்டு, அக்கணக்கின் கோப்புறையிலுள்ள யாவற்றையும் புதிய இடத்திற்கு நாமே படியெடுத்துவிட்டு, அதன் பின்னரே இடத்தைச் சுட்ட வேண்டும். புதிய இடத்தில் மடல்கள் சரிவரத் திறக்கின்றனவா எனச் சில நாட்கள் பார்த்தபின் பழைய படியை அகற்றலாம். ஒவ்வொரு கணக்கிற்கும் தனித்தனிக் கோப்புறை வேண்டும். இரு கணக்குகளை ஒரே கோப்புறைக்குச் சுட்டலாகாது. உள்ளகப் பெட்டிகளுக்கும் இதே போன்ற கட்டம் தனியே உண்டு. அதனை மறந்துவிடுவோர் பலர்.

மற்றொரு நெறி பயனர் பேழை முழுவதையும் இடம்பெயர்ப்பது. முனையத்தில் மென்பொருளின் பெயரைச் சிற்றெழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோட்டையும் பெரிய ‘பி’ எழுத்தையும் சேர்த்தால் பேழை மேலாளி திறக்கும். புதிய பேழை ஒன்றை அமைக்கும்போது அது இருக்க வேண்டிய கோப்புறையை நாமே தெரிவு செய்யலாம். பழைய பேழையின் உள்ளடக்கத்தை அங்குப் படியெடுத்துவிட்டால் மடல்கள், முகவரிப் புத்தகம், அமைப்புகள் யாவும் ஒருங்கே வந்துவிடும். இதனையே நாம் பரிந்துரைக்கிறோம். மடலை ஓரிடத்திலும் முகவரிப் புத்தகத்தை வேறோரிடத்திலும் வைத்தால், காப்புப் படி எடுக்கும்போது இரண்டில் ஒன்றை மறப்பது மனித இயல்பு.

தவிர்க்க வேண்டிய இடங்களும் உள. விரலியில் பேழையை வைத்து அதிலிருந்தே மென்பொருளை இயக்குதல் கூடாது. விரலிகள் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது அதன் வழிவந்த அமைப்பில் இருப்பவை. ஃபேட்32 இல் தனிக்கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது. பெரிய எம்பாக்ஸ் கோப்பு அவ்வெல்லையை முட்டும். மெயில்டிர் வடிவிற்கு வேறொரு தடை. எவல்யூஷன், கேமெயில் போன்றவை மடற்கோப்பின் பெயரில் முக்காற்புள்ளி இட்டு, அதனை அடுத்து ‘படிக்கப்பட்டது’, ‘மறுமொழி இடப்பட்டது’ முதலிய குறிகளை எழுதுகின்றன. ஃபேட் அமைப்பு கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்பதில்லை. படியெடுத்தல் இடையிலேயே முறியும். ஆகவே அத்தகைய தட்டில் காப்புப் படி வைக்க விரும்புவோர் கோப்புறையை முதலில் ‘டார்’ கட்டாகக் கட்டிவிட்டு அக்கட்டினைப் படியெடுக்க வேண்டும். வெளிவன்தட்டை லினக்ஸுக்கென்றே ஒதுக்க இயலுமாயின் அதனை எக்ஸ்ட்4 அமைப்பில் வடிவமைப்பது மேல்.

மேகச் சேமிப்போடு தானே ஒத்திசையும் கோப்புறையில் பேழையை வைப்பதும் இடர் தரும். பள்ளிக் கணினியிலும் வீட்டுக் கணினியிலும் ஒரே வேளையில் மென்பொருள் திறந்திருப்பின் இருவேறு படிகள் ஒன்றையொன்று மேலெழுதிவிடும். இரண்டு எழுத்தர் ஒரே ஏட்டில் ஒரே வேளையில் எழுதினால் என்ன நேருமோ அதுவே நேரும். மென்பொருளை மூடிய பின் எடுத்த கட்டினை மேகத்தில் வைப்பதில் குற்றமில்லை.

இரண்டாவது வன்தட்டில் பேழையை வைப்போர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். கணினி தொடங்கும்போதே அத்தட்டு தானாக இணைக்கப்பட வேண்டும். அதற்கான குறிப்பை ‘எஃப்எஸ்டேப்’ என்னும் அமைப்புக் கோப்பில் எழுதுவர். கோப்பு மேலாளியில் சொடுக்கினால் மட்டும் இணையும் தட்டாயின், அதனைச் சொடுக்குமுன் மென்பொருளைத் திறந்தவர் வெற்றுப்பெட்டியைக் காண நேரும். ஸ்னாப் பொதியாக நிறுவிய மென்பொருளுக்கு வெளித்தட்டுகளை அணுகும் இசைவு தனியே அளிக்கப்பட வேண்டும் என்பதும் நினைவிற்குரியது.

பிற மென்பொருள்கள்

எவல்யூஷன் மென்பொருள் முற்காலப் பதிப்புகளில் தன் பெயருடைய மறைகோப்புறையிலேயே அனைத்தையும் வைத்திருந்தது. பிற்காலப் பதிப்புகளில் மடல்கள் இல்லக் கோப்புறையின் ‘லோக்கல்’, ‘ஷேர்’ ஆகியவற்றின் அடியிலும், அமைப்புகள் ‘கான்ஃபிக்’ என்பதிலும், ஐமாப் நிழற்படிகள் ‘கேஷ்’ என்பதிலும் பிரிந்து கிடக்கின்றன. மூன்று இடங்களையும் பயனர் தேடி அலையாதவாறு ‘ஃபைல்’ பட்டியில் காப்புப் படி எடுக்கும் கட்டளை ஒன்றை அம்மென்பொருள் வழங்குகிறது. யாவும் ஒரே கட்டாக வந்துவிடும். இடத்தைத் தாமே தேர விரும்புவோர், புதிய கணக்கு அமைக்கும்போது அதன் வகையாக மெயில்டிர் கோப்புறையைத் தெரிவு செய்து, விரும்பிய கோப்புறையைச் சுட்டலாம். கேமெயில் அகோனடி என்னும் இடைநிலைச் சேவையின்வழி இயங்குவது. அதன் உள்ளகப் பெட்டிகள் ‘லோக்கல்’, ‘ஷேர்’ ஆகியவற்றின் அடியில் ‘லோக்கல்-மெயில்’ என்னும் பெயரில் உள்ளன.

கிளாஸ் மெயில் என்னும் சிறு மென்பொருளைப் பற்றி ஒரு சொல். அது முதன்முறை திறக்கும்போதே மடல்களை எங்கு வைக்கட்டும் எனக் கேட்கிறது. இயல்பாக முன்வைக்கும் இடமும் இல்லக் கோப்புறையில் வெளிப்படையாகத் தெரியும் ‘மெயில்’ கோப்புறையே. பழைய, ஆற்றல் குறைந்த கணினிகளிலும் அது விரைந்து இயங்கும். பெரிய மென்பொருள்கள் இப்பண்பைக் கற்றுக்கொள்ளாதது வியப்பே.

பழந்தமிழ் மடல்களின் எழுத்துச் சிக்கல்

பழைய வன்தட்டு ஒன்றைத் தேடியெடுத்து, 1990களின் இறுதியில் வந்த மடல்களைப் புதிய இடத்தில் வைத்துத் திறந்தால், தமிழுக்கு மாறாக ஐரோப்பிய எழுத்துகள் தாறுமாறாகத் தோன்றுவதைக் காணலாம். மடல் கெட்டுவிட்டது என எண்ணி அழித்துவிட வேண்டா. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் மடல்கள் பலவகைக் குறியேற்றங்களில் எழுதப்பட்டன. மடற்குழுவினர் கலந்துரையாடி உருவாக்கிய திஸ்கி, 1999 இல் சென்னைத் தமிழ் இணைய மாநாட்டையொட்டி எழுந்த டாம், டாப் ஆகியவை அவற்றுள் அடங்கும். அம்மடல்களின் தலைப்பகுதியில் தமிழ் என்னும் குறிப்பே இராது. ஆகவே இன்றைய மென்பொருள் அவற்றை ஐரோப்பிய மொழியெனக் கொள்கிறது. எழுத்தின் அடிப்படை எண்கள் மட்டும் பழுதின்றி உள்ளன.

இங்கு லினக்ஸ் பயனர்க்கு ஒரு நற்பேறு வாய்த்துள்ளது. லினக்ஸின் அடிப்படை நூலகத்தோடு வரும் ‘ஐகான்வ்’ என்னும் மாற்றி திஸ்கியை அறியும். வேறெந்த மென்பொருளும் நிறுவாமலே திஸ்கி உரையை ஒருங்குறியாக மாற்றலாம். ஆனால் மடற்கோப்பு முழுவதையும் அப்படியே மாற்றிக்குள் செலுத்துதல் தவறு. மடலின் உடற்பகுதி பெரும்பாலும் வேறொரு போர்வையில் பொதியப்பட்டிருக்கும். சமக்குறியும் எண்களும் நிறைந்து தோன்றினால் அப்போர்வை இருப்பதாக அறியலாம். முதலில் அதனை நீக்கி உரையை வெளிக்கொணர்ந்து, பின்னரே குறியேற்றத்தை மாற்ற வேண்டும். மாற்றுவது எப்போதும் படியாகவே இருக்கட்டும், மூலக்கோப்பைத் தொடலாகாது. ஓலைச்சுவடியைப் பெயர்த்தெழுதியபின் ஓலையை எரிப்பார் இலர். யாவும் திஸ்கியே எனக் கொள்ளவும் இயலாது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனக் குறியேற்றம் வைத்திருந்த காலம் அது.

காவலும் இசைவும்

மடல் என்பது இருவர்க்கிடையிலானது. பெற்றவரிடம் படி இருப்பினும் எழுதியவரின் உரிமை அதில் உண்டு. பள்ளிகளில் ஆசிரியர் பலர் ஒரே கணினியைப் பயன்படுத்துவர். அங்குப் பேழையை அனைவரும் காணும் பொதுக்கோப்புறைக்கு மாற்றுதல் பொருந்தாது. தண்டர்பேர்ட் தானே அமைக்கும் பேழையைப் பிற பயனர் திறக்கவொட்டாது. நாமே தேர்ந்த இடத்திற்கு அக்காவல் தானாக அமையும் என்பதற்கு உறுதியில்லை. இரண்டாவது தட்டில் புதுக்கோப்புறை அமைத்தவுடன் அதன் பண்புகளில் பிறர்க்குள்ள அணுக்கத்தை நீக்கிவிட வேண்டும். மடிக்கணினி களவு போகும் வாய்ப்பை எண்ணுவோர், நிறுவும்போதே தட்டினை மறையாக்கம் செய்து கடவுச்சொல்லால் பூட்டலாம். அக்கடவுச்சொல்லை நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிந்திருத்தலும் தேவை. இல்லையேல் ஆய்வாளர்க்குப் பின் அத்தட்டினைத் திறப்பார் இரார்.

கிள்ளான் ஆசிரியரின் செய்தி எஞ்சியுள்ளது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் அவர் தயங்கித் தயங்கி இழப்பைத் தெரிவித்தபோது, அப்பெரியவர் தம் கணினியைத் திறந்து காட்டினார். அனுப்பிய மடல்களின் பெட்டியில் அவர் எழுதியவை யாவும் இருந்தன. உள்பெட்டியில் நம் ஆசிரியர் எழுதியவற்றுள் சில இருந்தன, இடந்தேவைப்பட்டு அழித்தவை போக. விடைகள் கிடைத்துவிட்டன, அவற்றுக்குரிய வினாக்கள் சிலவற்றை ஆசிரியர் தம் நினைவிலிருந்தே எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அக்கோப்பு இப்போது இரண்டாவது தட்டில், புள்ளியில் தொடங்காத பெயருடைய கோப்புறை ஒன்றில் இருக்கிறது.